முழு வீட்டுக்கும் பில்டரா? முதல்ல கிணத்தக் கேளுங்க

இரண்டு கிளாஸ் தண்ணி. ஒன்று உங்கட கிணத்துத் தண்ணி, மற்றது விற்க வந்தவர் கொண்டுவந்த பில்டர் தண்ணி. கம்பி பூட்டின ஒரு சின்னப் பெட்டியை இரண்டுக்குள்ளேயும் இறக்கி கரண்ட் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் கிணத்துத் தண்ணி கலங்கி, மஞ்சளாகி, சேத்து நிறத்துக்கு வந்துவிடும். பில்டர் தண்ணி அப்படியே தெளிவாக நிற்கும். "இதத்தான் அம்மா இவ்வளவு நாளும் பிள்ளையளுக்குக் குடுத்திருக்கிறீங்க" என்று அவர் சொல்லும்போது வீட்டில் யாருக்கும் வாய் வராது.

அந்தச் சேறு பெரும்பாலும் கிணத்தில் இருந்து வந்ததில்லை, கம்பியில் இருந்து வந்தது. இரும்புக் கம்பி மின்சாரத்தில் கரைந்து கறளாக மிதக்கிறது. உப்புக் கரைந்த தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், உப்பை எடுத்துவிட்ட ஆர்.ஓ. தண்ணி பெரிதாகக் கடத்தாது. வித்தை அவ்வளவுதான். அவருடைய தண்ணிக்குள் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுவிட்டு அதே பெட்டியை இறக்கச் சொல்லிப் பாருங்க, அதுவும் சேறாகும். உலகத்தில் பல நாடுகளில் காட்டிப் பழசாய்ப்போன வித்தை இது. ஆனாலும் பயந்த வீடு மாதக் கட்டணத்துக்குக் கையெழுத்து வைக்கும்.

நாங்கள் பில்டருக்கு எதிரானவர்கள் இல்லை. நாங்கள் சொல்வது, எழுவான்கரையில் முழு வீட்டு பில்டர் என்பது, கேள்வி என்ன என்று தெரியாமலே வாங்கப்படுகிற பதிலாக மாறிவிட்டது என்பதைத்தான்.

முழு வீட்டு பில்டர் என்றால், தாங்கியில் இருந்து வீட்டுக்குள் வரும் பைப்பில் பூட்டுகிற அந்த நீள உருளைகள். ஒன்றுக்குள் மணல், ஒன்றுக்குள் கரி, ஒன்றுக்குள் ரெசின் மணிகள். மணல் தூசியையும் கலங்கலையும் பிடிக்கும். கரி மணத்தையும் குளோரினையும் எடுக்கும். ரெசின் உள்ள உருளைக்குப் பெயர் சொப்ட்னர், அது தண்ணியின் கடினத்தைக் குறைக்கும். கேத்திலுக்குள் வெள்ளைச் செதில் படிகிறதே, சவர்க்காரம் நுரைக்க மாட்டேன் என்கிறதே, அதுதான் கடினம். சொப்ட்னர் கல்சியத்தை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக சோடியத்தைக் கொடுக்கும். அது வேலை செய்வதற்கே இடைக்கிட உப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இப்ப கவனியுங்க. இந்த மூன்றில் எதுவும் உப்பை எடுக்காது. கல்லடியில் இருந்து ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வரைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். இங்கே கோடை கடுக்கும்போது வருகிற முதல் முறைப்பாடு, "தண்ணி உவர்க்குது". அதற்கு சொப்ட்னரைப் பூட்டினால் உவர் உவராகவேதான் இருக்கும்.

இந்த மணலுக்குள் நல்ல தண்ணி எப்படி நிற்கிறது என்பது அழகான விஷயம். மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது, உப்பை விடப் பாரம் குறைவு என்பதால். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான கெய்பன் என்பவரும் 1901இல் ஜெர்மன்காரரான ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியாகக் கண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணி 1 அடி நின்றால், மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். திருப்பி யோசித்தால் பயமாக இருக்கும். மேலே 1 அடி நிரந்தரமாகக் குறைந்தால், கீழே உப்பு 40 அடி ஏறி வர இடம் கிடைக்கும். பெத்தா காலத்தில் வாளியால் அள்ளினாங்க. இப்ப மோட்டர் ஒரே மூச்சில் ஆயிரம் லீட்டர் தாங்கியை நிரப்புது.

"அப்ப முழு வீட்டுக்கும் ஆர்.ஓ. போடுவம்" என்று அடுத்த யோசனை வரும். உப்பை எடுப்பது ஆர்.ஓ. தான், உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 100 லீட்டர் வைத்தால் நாளைக்கு 500 லீட்டர். அதில் குடிக்கவும் சமைக்கவும் போவது 25 லீட்டர் அளவுதான், மிச்சம் எல்லாம் குளிக்க, கழுவ, மலசலகூடத்துக்கு ஊற்ற. ஆர்.ஓ. 1 லீட்டர் நல்ல தண்ணி தரும்போது 2 லீட்டர் கழிவாகப் போகுது என்று வைத்தால், 500 லீட்டருக்காகக் கிணத்தில் இருந்து 1500 லீட்டர் இறைக்க வேணும். ஆயிரம் லீட்டர் கூடின உப்போடு வளவு மணலுக்குள்ளேயே திரும்ப இறங்கும். உப்புக்கு மருந்து என்று வாங்கி, உப்பை நாங்களே கிணத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவது இது. குசினியில் ஒரு சின்ன ஆர்.ஓ. போதும், அதுவும் உப்பு நிச்சயம் என்றால் மட்டும்.

அதிகமாக இறைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்தக் கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துத் துப்புரவாக்கினார்கள். நல்ல மனசோடு செய்த வேலை. ஆனால் கிழக்குக் கரையில் பிறகு நடந்த ஆய்வுகள், அளவுக்கு மிஞ்சிய இறைப்பு கீழேயுள்ள உப்பை மேலே இழுத்தது என்றும், கிணறுகளைத் திரும்ப நன்னீராக்கியது பெரும்பாலும் மழைதான் என்றும் சொல்லின.

பில்டர் சரியான பதிலாக இருக்கிற இடமும் உண்டு. குழாய்க் கிணத்தில் இருந்து எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணி, வாளியில் ஒரு இரவு வைத்தால் செம்மஞ்சளாக மாறுதா? தேத்தண்ணி கறுக்குதா? அது இரும்பு. வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதன் அருமை தெரியும். இதற்கு முழு வீட்டு வடி சரிதான். தண்ணியைப் பூவாளி மாதிரித் தூவி விழுத்திக் காற்றுப் படவைத்து, பிறகு மணலில் வடித்தாலே பெரும்பகுதி இரும்பு நின்றுவிடும். படுவான்கரைப் பக்கம் பாறைக்குள் போட்ட கிணறு என்றால் புளோரைட்டையும் சேர்த்துச் சோதிக்க வேணும். அது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, கரியும் சொப்ட்னரும் அதைப் பிடிக்காது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, யாரும் பேச விரும்பாதது, மலசலகூடக் குழி. கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி இருக்க வேணும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 10 பேர்ச் வளவு என்பது சுமார் 2,722 சதுர அடி. சதுரமான வளவு என்றால் ஒரு பக்கம் 52 அடி. அதற்குள் வீட்டைக் கட்டி, கிணத்தை வெட்டி, குழியையும் தோண்டி, 50 அடிக்கு எங்கே போவது? உங்கட குழி தூரத்தில் இருந்தாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி இருக்கும். காத்தான்குடி மாதிரி நெருக்கமான ஊர்களில் இது யாருடைய தனிப் பிழையும் இல்லை. ஆனால் அந்த மணலுக்கு மதில் தெரியாது.

இங்கேதான் கரி பில்டர் ஆபத்தாகவும் மாறலாம். பி.எச்.ஐ. வந்து கிணத்துக்குக் குளோரின் போட்டுவிட்டுப் போனால், அந்தக் குளோரினைக் கரி பிடித்துவிடும். மாற்றாமல் விட்ட ஈரக் கரிக்குள் கிருமி வளரும். நைத்திரேற்று, அதாவது குழியில் இருந்தும் பசளையில் இருந்தும் வருவது, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடும். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பால்மா கரைத்துக் கொடுக்கிற குழந்தைக்கு ஆபத்து. கிருமிக்கு ஐந்து சதம் செலவில்லாத நல்ல வழி கொதிநீர்தான், அதில் எங்கட அம்மாக்கள் சொன்னது சரி.

விற்பவர் சட்டைப்பையில் வைத்திருக்கிற டி.டி.எஸ். பேனா கிருமியைக் காட்டாது, நைத்திரேற்று எவ்வளவு என்றும் காட்டாது. கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் மதிப்பிடும். ஆனால் அது மலிவான பொருள், ஒழுங்கைக்கு ஒன்று வாங்கி வைத்து மாரியிலும் கோடையிலும் அளந்து ஒரு கொப்பியில் எழுதினால், உப்பு ஏறுதா இறங்குதா என்று தெரியும். மற்றதுக்கு ஆய்வுகூடம்தான். நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கின போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேணும். சோடாப் போத்தலில் கொண்டுபோனால் போத்தலின் கிருமியைத்தான் எண்ணுவார்கள்.

ஆளாளுக்கு உருளை பூட்டினால் கிணறு தனிச் சொத்து என்ற நினைப்பு வந்துவிடும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது எந்த வீட்டுக்காரரும் தன் பைப்பில் எதையாவது பூட்டித் தப்பியிருக்க முடியாது. வழக்குப் போட்டுத்தான் 2019இல் உயர் நீதிமன்றம் அந்தக் கம்பனியை 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. எங்கட குழிகள் அவ்வளவு பெரிய குற்றவாளி இல்லை. ஆனால் உன்னிச்சைக் குளத்துத் தண்ணி பைப்பில் வருகிற தெருக்களில்கூட கிணத்தை விட்டுவிட முடியாது, வெட்டு வருகிற நாளில் எல்லாரும் திரும்பி வருவது அதற்கேதான்.

வந்தாறுமூலை, செங்கலடிப் பக்கம் போர்டிங் தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. "பில்டர் வோட்டர் உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், எந்த பில்டர் என்று கேளுங்க, கரியைக் கடைசியாக எப்ப மாற்றினீங்க என்று கேளுங்க, குழி எந்தப் பக்கம் என்றும் கேளுங்க. வீட்டுக்கார அன்ரி முகத்தைச் சுழிப்பா. நாலு பேர் காசு போட்டால் சோதனைக் கட்டணத்தை நாங்களே கட்டலாம், தாளின் ஒரு பிரதியை அவவுக்கும் கொடுக்கலாம்.