காட்டு ரோந்துக்கு எந்த வண்டி?

2023இல் குவா மூசாங் பக்கம் தொழிலாளியைப் புலி அடித்துக் கொன்றதை நாம் மறக்கவில்லை. தீபகற்பத்தில் 150 புலிகூட இல்லை என்கிறது 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கு. மானையும் பன்றியையும் திருடன் கம்பிக் கண்ணியில் பிடித்துவிட்டால், பசித்த புலி தோட்டத்துப் பக்கம்தான் வரும். ஆகவே வனவிலங்கு இலாகாவின் ரோந்து நமக்கும் காவல்.

அதற்கு எந்த வண்டி? பழைய லெண்ட்ரோவரைச் சேற்றில் தள்ளிய நம்மவர்க்குத் தெரியாததா! நாலு சக்கரமும் இழுக்கணும். ஹைலக்ஸ் மாதிரி டீசல் வண்டியென்றால் உதிரிப்பாகம் சின்ன டவுனிலும் கிடைக்கும். பளபளப்புக்குக் கொட்டுகிற காசை முதலில் டயருக்குப் போடட்டும்; தார்ரோட்டு டயர் செம்மண்ணில் வழுக்கும், ஆழப் பல் உள்ளதுதான் பிடிக்கும். முன்னால் விஞ்சு வேணும். கூரைமேல் பாரம் ஏற்றினால் சரிவில் கவிழும். இரண்டு வண்டியாய்ப் போவது பத்திரம்.

ஆனால் கண்ணி வண்டிப் பாதையில் இருக்காது. இறங்கி நடக்க ஆள் வேணும். வண்டிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்த ஆள் சம்பளத்துக்கும் ஒதுக்கட்டும்.