காந்தம் வேண்டாம், கழுவினால் போதும்

பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. உப்புத் தண்ணீரைப் பற்றி நம் ஊர்ப் பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். துவாரகா, குருகிராம் போன்ற இடங்களில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் தலைநகர்த் தமிழர்களுக்கு மூன்றாவதாக ஒரு தொல்லையும் உண்டு. குளிர்காலம் தொடங்கியதும் கீசர் கரகரவென்று சத்தம் போடும். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொள்ளும். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நூலாக வரும்.

இதற்கு இரண்டு வைத்தியங்கள் நம் வாசலுக்கே வருகின்றன. ஒன்று, பிளம்பர் கொண்டுவரும் ஆசிட். மற்றொன்று, குழாயின்மேல் கட்டும் காந்தம். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு பூமிக்குள் இறங்கும்போது அங்குள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் வாயு வெளியேறுகிறது. சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. ஆகவே படிவு அதிகம் சேருமிடம் வெந்நீர் போகும் வழிதான்.

குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீரில் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 100 லிட்டர் காய்ச்சினால் அதில் 40 கிராம் இருக்கும். பத்தில் ஒரு பங்கு படிந்தாலும், நான்கு மாதக் குளிர்காலத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ கல்!

1980-களின் தொடக்கத்தில் நான் ரயில்வேயில் சேர்ந்தபோது நீராவி எஞ்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாய்லருக்குப் பெரிய எதிரி இந்தப் படிவுதான். எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். தண்ணீர் நேராகத் தொடாத தகடு பழுக்கக் காய்ந்து கெட்டுவிடும். தண்ணீரைப் பக்குவப்படுத்த ரசாயனம் சேர்த்தாலும், கழுவுவதை யாரும் விட்டதில்லை. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை எஞ்ஜினை ஷெட்டில் நிறுத்தி, ஆறவிட்டு, அடைப்புகளைக் கழற்றி, கம்பியால் சுரண்டி, வேகமான நீரால் கழுவுவோம்.

வீட்டு கீசரும் ஒரு சின்ன பாய்லர்தான். செய்ய வேண்டியவை இவை:

1. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் படிவு வேகமாகச் சேரும்.

2. நகராட்சித் தண்ணீரும் போர் தண்ணீரும் வந்தால் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். நல்ல தண்ணீர் கீசருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும். போர் தண்ணீர் கழிப்பறைக்கும் செடிகளுக்கும்.

3. ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதே, மெக்கானிக்கை அழைத்து கீசரைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். மின்சாரத்தை மெயினில் அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகே திறக்க வேண்டும். ஹீட்டர் சுருளை மரக்குச்சியால் சுரண்டலாம். தொட்டியைச் சுத்தியலால் தட்டக்கூடாது. உட்பூச்சு விரிசல் விடும்.

4. ஷவர் தலையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேயுங்கள். இதுவும் அமிலந்தான், ஆனால் சமையலறை அமிலம்.

5. பாதிக்கு மேல் அடைத்துப்போன இரும்புக் குழாயோடு மல்லாட வேண்டாம். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, வெந்நீருக்கான சி.பி.வி.சி. குழாய் போடுவதே சிக்கனம்.

‘தேஜாப்’ என்று இங்கே விற்கும் ஆசிட் படிவைக் கரைக்கும். கூடவே குழாயின் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் இருக்குமிடத்தில் பட்டால் நச்சுவாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

காந்தக் கதை வேறு. பெல்ஜியத்தில் 1945-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகள் சில பலன் உண்டு என்கின்றன, சில இல்லை என்கின்றன. ஒன்று நிச்சயம்: காந்தம் சுண்ணாம்பைத் தண்ணீரிலிருந்து எடுப்பதில்லை. ‘மின் கட்டணம் பாதியாகும்’ என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். கீசரின் சுருள் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதன் வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். படிவினால் வரும் பெரிய நஷ்டம் சுருள் எரிந்துபோவதுதான்.

தனி வீட்டுக்காரர் தம் பணத்தில் வாங்கினால் அது அவர் விருப்பம். குடியிருப்போர் சங்கம் எல்லோருடைய பணத்திலும் வாங்கும்போது நாம் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் இந்தப் பேச்சு வந்தபோது நான் சொன்ன யோசனை இதுதான்: ஒரு பிளாக்கில் மட்டும் கட்டுங்கள், குளிர்காலம் முடிந்ததும் அங்கே ஒரு கீசரையும், காந்தமில்லாத பிளாக்கில் அதே அளவு புழங்கிய ஒரு கீசரையும் திறந்து, படிவைத் தராசில் நிறுங்கள். பலன் தெரிந்த பிறகு பணம் கொடுங்கள்.

சங்கத்தின் பணத்தை அதற்கு முன் நல்ல தண்ணீருக்குத் தனிக் குழாய் போடவும், மொட்டைமாடி மழைநீரைத் தொட்டியில் சேர்க்கவும் செலவிடலாம். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. வானம் இலவசமாகத் தரும் மென்னீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, காந்தத்துக்குக் காசு கொடுப்பது நியாயமா? அடுத்த பொதுக்குழுவில் அன்பர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.