கிணற்றில் தள்ளுவது கற்பித்தல் ஆகாது

கோடை விடுமுறை வந்தால் நம் வீடுகளில் நீச்சல் பேச்சும் வந்துவிடுகிறது. கூடவே பெரியவர்களின் பழைய வைத்தியமும் வருகிறது: "கிணற்றில் தள்ளிவிடு, தானாக வரும்." அப்படித் தள்ளப்பட்டு நீந்தப் பழகியவர்கள்தாம் இன்று அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். அன்றோடு தண்ணீரை வெறுத்து, ஐம்பது வயதிலும் முழங்காலளவுக்கு மேல் கடலில் இறங்காதவர்கள் வாய் திறப்பதில்லை.

மன்னார் வளைகுடாவில் கல்லின்மேல் கால்வைத்துக் கயிற்றோடு கடலடிக்கு இறங்கி முத்துக் குளித்தவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர். அந்த வரலாற்றைப் பேசிக்கொண்டே, முகத்தை நீரில் அமிழ்த்த அஞ்சும் பிள்ளைகளை நாம் வளர்க்கிறோம்.

புதிதாக இறங்கும் பிள்ளைக்கு ஆழத்தைவிட, மூக்கில் நீர் ஏறுவதே பெரிய அச்சம். நாமோ "மூச்சை அடக்கு" என்று அதட்டுகிறோம். அடக்கினால் உடலில் கரியமிலவாயு சேர்கிறது, நெஞ்சு பதறுகிறது. நீருக்குள் மூச்சை மெல்ல வெளியே விடத்தான் பழக்க வேண்டும். உளூவில் மூக்கிற்கு நீர் செலுத்திச் சிந்தப் பழகிய பிள்ளைக்கு இது முற்றிலும் புதியதன்று. வீட்டில் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பி, வாயால் மூச்சிழுத்து, முகத்தை அமிழ்த்தி, "ம்ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். மூக்கின் வழியே காற்று வெளியேறும்வரை நீர் உள்ளே ஏறாது. இதைச் சில நாள்கள் விளையாட்டாகவே செய்யட்டும்.

பிறகு பிள்ளையின் மார்பளவு நீர் போதும். கண்ணாடி அணிந்து, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, நீருக்குள் அவர் காட்டும் விரல்களை எண்ணட்டும். மூச்சை நிறைய இழுத்துத் தரையில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். உட்கார முடியாது, நீர் மேலே தூக்கிவிடும். பெரும்பாலும் அந்த நொடியில்தான் பயம் சிரிப்பாக மாறுகிறது. யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். முன்னறிவிப்பின்றி நீருக்குள்ளேயே மயக்கம் வரும். பிள்ளை போதும் என்றால் அன்றைக்குப் போதும். அழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் மாமாமார்கள் கரையிலிருந்து எழுந்து போகட்டும்.

"பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்போருக்கும் ஒரு சொல். நீச்சல் கற்பதை வீண் விளையாட்டில் சேர்க்காத நபிமொழியை நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அதை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பங்கு வைத்தது யார்? வெள்ளம் ஆண், பெண் பார்த்து வருவதில்லை. ஹயா உடலை மறைக்கச் சொல்கிறது, தண்ணீருக்கு அஞ்சச் சொல்லவில்லை. பெண்களுக்கென ஒரு மணி நேரமும், ஒரு பெண் பயிற்றுநரும், உடல் மறைக்கும் நீச்சல் உடையும் இருந்தால் உம்மாவும் மகளும் சேர்ந்தே இறங்கலாம். திருமண மண்டபத்திற்கு நிதி திரட்டத் தெரிந்த ஜமாஅத்துகள், அருகிலுள்ள நீச்சல் குளத்தில் வாரம் ஒரு மணி நேரத்தை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கட்டும். இந்த விடுமுறையிலேயே கேட்கலாம்.