பொறுத்தார் பாட்டில் ஆள்வார்

ஆடித் தள்ளுபடியில் எடுத்த புடவையை ஆவணியில் கட்டிவிடலாம். ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயினைத் தள்ளுபடியில் வாங்கினால் பத்து வருஷம் தொடக்கூடாது. அதுவும் உசத்தியான ஷிராஸாக இருந்தால்தான். மட்டமானது என்றால் அன்று ராத்திரியே தீர்த்துவிடுவது நல்லது. வைத்திருந்தால் இன்னும் மட்டமாகும்.

பெயரைக் கேட்டால் ஈரான் நகரம் ஞாபகம் வரும். சம்பந்தமில்லை. இந்தத் திராட்சைக்குப் பிறந்த வீடு பிரான்ஸின் ரோன் பக்கம். அங்கே பெயர் சிரா. 1998-ல் டி.என்.ஏ. சோதனையில் இதன் அப்பா அம்மாவையே கண்டுபிடித்துவிட்டார்கள். டுரேஸா, மாண்டூஸ் பிளான்ஷ் என்று இரண்டு பழைய பிரெஞ்சுத் திராட்சைகள். 1830-களில் ஆஸ்திரேலியா போய் செட்டிலாகி, பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் அதிகப் பேர் வாங்கிவிட்டது.

அடிலெய்டில் எனக்கொரு சிநேகிதன். 2021-ல் பெண் பிறந்தாள். அதே வருஷத்து ஒயினை வாங்கி வைத்து, அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து திறக்க வேண்டும் என்பது அவன் லட்சியம். (அங்கே சட்டம் பதினெட்டுக்கு அனுமதிக்கிறது. நம்மூர் அப்பாக்கள் பதற வேண்டாம்.) நான் போயிருந்தபோது கடைக்கு இழுத்துப் போனான். பரோஸா பள்ளத்தாக்கு ஷிராஸ், 2021. அறுபது டாலர் பாட்டில், ஆறாக எடுத்தால் முப்பத்து நாலு.

"ஏண்டா, நல்ல சரக்குன்னா பாதி விலைக்கு ஏன் தர்றான்?" என்றேன்.

"சீனாக்காரன் புண்ணியம்டா" என்றான்.

நிஜம்தான். ஆஸ்திரேலிய ஒயினுக்குப் பெரிய வாடிக்கை சீனா. 2020 நவம்பரில் வரி போட ஆரம்பித்து, 218 சதவிகிதம் வரை ஏற்றிவிட்டார்கள். 2024 மார்ச்சில்தான் எடுத்தார்கள். அதற்குள் பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிவிட்டது. இப்படி விலை குறைந்தால் ஒயின்மேல் குற்றமில்லை, வாங்கலாம். கடை ஜன்னலில் வெயில் காய்ந்ததால் குறைந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

காத்திருக்கத் தகுந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பாட்டிலை உடனே திறந்து ருசிக்க வேண்டும். கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி நாக்கை இழுக்கும் துவர்ப்பு, கூடவே புளிப்பு, இரண்டையும் தாங்குகிற பழச்சுவை, மூன்றும் வேண்டும். துவர்ப்பு வருஷக்கணக்கில் மெல்ல அடங்கும்; ஒரு பகுதி மண்டியாக அடியில் தங்கும். பழச்சுவை இல்லாததை எத்தனை வருஷம் வைத்தாலும் மிஞ்சுவது துவர்ப்புதான்.

இது புரியாமல் மேலதிகாரிகளே ஏமாந்திருக்கிறார்கள். பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில் மாக்ஸ் ஷூபர்ட் என்பவர் 1951-ல் 'கிரேஞ்ச்' என்ற ஷிராஸைப் பரிசோதனையாகச் செய்தார். இளசாக இருக்கும்போதே ருசித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 1957-ல் தலைமை அலுவலகம் நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. மனுஷர் 'எஸ் சார்' பேர்வழி இல்லை. 57, 58, 59 மூன்று வருஷமும் ரகசியமாகச் செய்து நிலவறையில் ஒளித்துவைத்தார். பழைய பாட்டில்கள் பக்குவப்பட்டதும் அதே அதிகாரிகள் ருசித்துப் பார்த்து, 1960-ல் மறுபடி செய்யச் சொன்னார்கள். மெமோ வாங்கும் சகோதரர்கள் இவர் படத்தை மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

வாங்குவது சுலபம், வைப்பதுதான் வம்பு. ஒயினுக்கு 13 டிகிரி வாக்கில் நிலையான குளிர்ச்சியும் இருட்டும் வேண்டும். அடிலெய்டு கோடை நாற்பதைத் தாண்டும். சிநேகிதன் குடியிருப்பது வாடகை வீடு. நிலவறைக்கு எங்கே போவான்? ஒயினுக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் விலை விசாரித்தான். "தள்ளுபடியில மிச்சம் பிடிச்சதை ஃப்ரிட்ஜ்காரனுக்குக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி. கணக்கில் அவள் புலி. ஆறு பாட்டிலுக்காக ஃப்ரிட்ஜ் வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வெயில் படாத உள் அலமாரியில் வைத்தால் ஐந்தாறு வருஷம் தாங்கலாம். பதினெட்டுக்கு குளிர்ச்சி கட்டாயம். கடைசியில், குளிர்கிடங்கு வைத்திருக்கும் ஆபீஸ் நண்பரிடம் இரண்டு பாட்டிலை ஒப்படைத்தான். மீதியை வருஷத்துக்கு ஒன்றாகப் பெண்ணின் பிறந்தநாளில் திறப்பதாக ஏற்பாடு.

முப்பத்து நாலு டாலர் நமக்கு லாபம். யாருக்கு நஷ்டம்? தோட்டக்காரருக்கு. 1980-களிலும் இப்படித்தான் திராட்சை தேங்கியது. கொடியைப் பிடுங்கினால் பணம் என்று தெற்கு ஆஸ்திரேலிய அரசே கொடுத்தது. நூறு வருஷத்துக் கொடிகளெல்லாம் போயின. தப்பித்த கிழட்டுக் கொடிகளின் ஒயினுக்குத்தான் இன்று மவுசு. இந்தத் தேக்கத்திலும் சிலர் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பாட்டிலைப் பத்து வருஷம் வைத்திருக்கப் பொறுமை போதும். விலை போகாத கொடியைப் பத்து வருஷம் வைத்திருக்க, பாங்க் மேனேஜரும் மனசு வைக்க வேண்டும்.