மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபால் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு ஏறத்தாழ 40 டன் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஆலையை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள். அபாயச் சங்கை ஊதி உடனே நிறுத்திவிட்டார்கள். ஈரத்துணியால் முகத்தை மூடு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே ஓடு என்று சொல்ல நாதியில்லை. என்ன வாயு என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை.

ஆலையை மூடியும் நஞ்சு ஒழியவில்லை. நிலத்தடி நீரில் இறங்கியது. உள்ளே கிடந்த 337 டன் கழிவை அகற்ற 2025 ஆயிற்று. அதையும் பீதம்பூரில் கொண்டுபோய் எரித்தார்கள். அவ்வூர் மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தனர்.

பிழைக்க வந்த இடத்தில், வாடகை குறைவென்று நம்மிலும் பலர் ஆலை மதிலோரம்தான் குடியிருக்கிறோம். எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் அது நம் தாய்மார்கள் படிக்கும் மொழியில் இல்லை. இரசாயன விபத்துகளைச் சமாளிக்க மாவட்ட நெருக்கடிக் குழு வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தக் குழுவிடம் நாம் கேட்க வேண்டும்: உள்ளே என்ன இரசாயனம்? கழிவு எங்கே போகிறது? சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது?

பதிலைத் தமிழில் எழுதி வீட்டுக்கு வீடு சேர்ப்பது சங்கத்தின் கடமை. அடுத்த கூட்டத்தில் இதையே முதலில் எடுப்போம்.