முறைகளும் பரமானங்களும்: மனனக் கல்விக்கு ஒரு மறுப்பு

மொழியியலும் புவியியலும் பொருளியலும் பயிலும் மாணவர் கணினிச் செய்நிரலாக்கத்தையும் பயில வேண்டிய காலம் இது. அவர்களுட் பலர் ஜாவா மொழியின் முதற் பாடங்களைக் கடந்து, ‘முறைகள்’, ‘பரமானங்கள்’ என்னும் அத்தியாயத்தை அடைந்ததும் தடக்குண்டு நிற்கின்றனர். கலைப்பீடத்தாருக்குத் தருக்கம் வராது என்று இதற்குக் காரணங் கூறுவோர் உளர். தமிழ்மொழி மூலம் பயின்றமையே காரணம் என்போரும் உளர். இவ்விரு கூற்றுக்களும் மறுக்கற்பாலன. கற்பிக்கும் விதத்திலேயே குறை உளது என்பதே எமது வாதமாகும்.

முதல் வகுப்பிலே நிகழ்வது யாது? பப்ளிக், ஸ்ரற்றிக், வொயிட், மெயின் என நீளும் வரியொன்று கரும்பலகையில் எழுதப்படுகின்றது. அதன் இறுதியில், அடைப்புக்குறிக்குள், பரமானம் ஒன்றும் உண்டு. “பொருள் பின்னர் விளங்கும், இப்போது எழுதிக்கொள்ளுங்கள்” என்பதே விளக்கம். ஆக, மாணவன் முதன்முதலாகக் காணும் முறையும் பரமானமும் பொருளற்ற மந்திரமாகவே அவனை அடைகின்றன. 2025 செப்தெம்பரில் வெளியான ஜாவா 25ஆம் பதிப்பு, அந்நீண்ட வரியின்றியே, பரமானமில்லாத எளிய மெயின் முறையுடன் செய்நிரல் எழுத வழி செய்துள்ளது. மொழியை ஆக்குவோரே உணர்ந்துவிட்ட சுமையை நாம் இன்னும் சுமக்க வேண்டுமா?

முறை என்பது புதிய மாயமன்று. ஒரு வேலையை ஒருமுறை எழுதிப் பெயரிட்டு, வேண்டுமிடத்தெல்லாம் அழைத்துப் பயன்படுத்தும் உத்தியே அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நூலிலேயே இவ்வுத்தி விரிவாக விளக்கப்பட்டது. ஜாவா 1995இல் வெளியிடப்பட்டபோது அது முதிர்ந்த கருத்தாகியிருந்தது.

பரமானத்தை விளக்கத் தமிழ் இலக்கணமே போதுமானது. ‘கொடு’ என்னும் வினை கொடுப்போன், கொள்வோன், கொடைப்பொருள் என மூன்று இடங்களை வேண்டி நிற்கின்றது. அகராதியில் அவ்விடங்கள் வெறுமையாக உள்ளன, வாக்கியத்தில் நிரப்பப்படுகின்றன. முறையை வரையறுக்கும்போது நாம் எழுதும் பரமானங்கள் அவ்வெற்றிடங்கள். அழைக்கும்போது கொடுக்கும் பெறுமானங்கள் அவற்றை நிரப்புவன. வேறுபாடு ஒன்றும் உண்டு. தமிழில் வேற்றுமையுருபு இருப்பதனாற் சொற்களை இடம்மாற்றினும் பொருள் கெடுவதில்லை. ஜாவாவில் உருபு இல்லை, வரிசையே உருபு. ‘கழி’ என்னும் முறைக்கு 10, 3 எனக் கொடுத்தால் 7 கிடைக்கும். 3, 10 எனக் கொடுத்தால் -7 கிடைக்கும். இரண்டும் முழு எண்களாதலின் கணினி பிழை காட்டாது. வேற்றுமை படித்த மாணவனுக்கு இது விளங்காது என எவர் கூறுவர்?

மனனக் கல்வியின் தீங்கு மிகுதியும் புலப்படுவது அடுத்த படியிலேயே. “எண்கள் பெறுமானமாக அனுப்பப்படும், பொருள்களும் அணிகளும் அவையாகவே அனுப்பப்படும்” என்றொரு சூத்திரம் ஒப்புவிக்கப்படுகின்றது. இது தவறு. ஜாவாவில் அனுப்பப்படுவது எப்போதும் பெறுமானத்தின் பிரதியே. அணியைப் பொறுத்தவரை பிரதி செய்யப்படுவது அதைச் சுட்டும் குறிப்பு. நூலகத்தில் ஒரு நூலின் இலக்கத்தைத் துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறோம். நண்பர் அதைத் தமது தாளிற் பிரதி செய்துகொள்கிறார். அவர் அந்நூலிற் கோடிட்டால் நாமும் அக்கோட்டைக் காண்போம். தமது தாளில் வேறொரு நூலின் இலக்கத்தை எழுதினால் எமது தாள் மாறாது. அவ்வாறே, முறையினுள் அணியின் உறுப்பை மாற்றினால் வெளியிலும் மாறும். பரமானத்துக்குப் புதிய அணியொன்றை வழங்கினால் வெளியில் எதுவும் மாறாது. சூத்திரத்தை நம்பியவன் இங்கே திகைப்பான், விளங்கியவன் திகையான்.

விடையைத் திரையில் அச்சிடுதலும் அழைத்த இடத்துக்குத் திருப்பியளித்தலும் ஒன்றெனக் கருதும் மயக்கமும் இத்தகையதே. திரையிற் கண்ட எண்ணை மனிதன் வாசிப்பான். திருப்பியளித்த எண்ணையே செய்நிரலின் அடுத்த வரி பயன்படுத்தும். யானும் பல நாட்கள் இம்மயக்கத்தில் உழன்றேன். என்னை அதிலிருந்து மீட்டது தாளும் பென்சிலுங் கொண்டு ஒவ்வொரு பெறுமானத்தின் போக்கையும் வரைந்து பார்த்த பயிற்சியே.

நன்னூலையும் நிகண்டையும் மனனஞ் செய்தே எம் முன்னோர் கற்றனர் எனச் சிலர் வாதிடலாம். உண்மை; ஆயின் அச்சூத்திரங்களுக்கு உரை இருந்தது, உரை சொல்ல ஆசிரியரும் இருந்தனர். உரையற்ற சூத்திரத்தை ஒப்புவித்தல் அம்மரபின்பாற் படாது. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்பது மற்றொரு வாதம். விளங்காத அத்தியாயத்தின் மேல் பத்து அத்தியாயங்களைக் குவிப்பதாற் சேமிக்கப்படும் நேரம் எது?

தமிழ்மொழி குறித்த வாதமும் நில்லாது. ஜாவாவின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாயினும் முறைகளுக்கும் பரமானங்களுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயரிட அம்மொழி இடமளிக்கின்றது. ‘கூட்டு’ என்னும் முறைக்கு ‘முதலெண்’, ‘அடுத்தவெண்’ எனப் பரமானங்கள் அமைத்துத் தொடங்குவதை எது தடுக்கின்றது? முதல் மாதத்தில் ஐந்து சிறிய முறைகளைத் தாளிலே தடம்பற்றி விளக்குக. அதன் பின்னரும் கலைப்பீட மாணவன் தடுமாறுவானாயின், அவனுக்குத் தருக்கம் வராது என்று அப்போது கூறுக. சோதிக்காத முடிவை மாணவன் மீது சுமத்துவது பல்கலைக்கழகத்துக்கு அழகன்று.