வீட்டுக்குள் ஒற்றன்

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். திருக்குறளில் அது 59-ஆவது அதிகாரம். பொருட்பாலில், அரசனுக்குரிய காரியங்களைச் சொல்லி வருமிடத்தில் அமைந்திருக்கிறது. வேவு பார்ப்பது ராஜாங்கத்தின் தொழில் என்பதே அக்காலத்துக் கொள்கை. ஊருக்கு ஊர் ஆள் வைத்துச் செய்தி சேகரிப்பதென்றால் அதற்குப் பொக்கிஷம் வேண்டுமல்லவா? செருப்புக் கடைக்காரரும் முறுக்கு வியாபாரியும் ஒற்றர் படை வைத்துக்கொள்ள முடியுமா?

வெள்ளைக்காரர் ஆண்ட நாளிலும் நிலைமை ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தபோது, பிரிட்டிஷ் இந்தியப் போலீசாரின் உளவாளிகள் அவரையும் அவருடைய நண்பர்களையும் இடைவிடாமல் கவனித்து வந்தார்கள். யார் வருகிறார், யார் போகிறார் என்று குறித்துக்கொண்டார்கள். ஒரு கவிஞரைக் கவனிப்பதற்கு எத்தனை ஆட்கள், எத்தனை சம்பளம்! அதனாலேயே எல்லாரையும் கவனிக்க எந்த சர்க்காராலும் முடியவில்லை. சாமானிய ஜனங்கள் நிம்மதியாக இருந்ததற்கு, அவர்களை வேவு பார்ப்பது கட்டுப்படியாகாமல் இருந்ததே பெரிய காரணமென்று சொல்லலாம்.

இன்று அந்தச் செலவு அநேகமாக இல்லாமற் போய்விட்டது. சேலத்தில் ஒரு குடும்பம் இரவு சாப்பாட்டுக்குப் பின் கம்ப்யூட்டரில் வெள்ளிக் கொலுசு விலை பார்க்கிறது. மறுநாள் காலையில் செய்தி படிக்கத் திறந்த பக்கத்தின் ஓரத்தில் கொலுசு பளபளக்கிறது. சமையற் குறிப்புத் தேடினாலும் கொலுசு; ரயில் நேரம் பார்த்தாலும் கொலுசு. இரவில் நாம் பார்த்ததைக் காலைக்குள் யாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நாமக்கல் பக்கத்து நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. லாரி வைத்திருப்பவர்கள் வண்டியில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தியிருக்கிறார்கள். வண்டி நாகபுரியில் ஓடுகிறதா நிற்கிறதா, எந்தச் சாப்பாட்டுக் கடையில் எத்தனை நாழிகை நின்றது என்பதையெல்லாம் முதலாளி வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொள்கிறார். வண்டி அவருடையது, கருவி இருப்பது டிரைவருக்கும் தெரியும். ஆகையால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்டர்நெட்டில் நடப்பதும் இதே வேலைதான். ஆனால் இங்கே லாரியின் ஸ்தானத்தில் இருப்பது நாம். முதலாளி யாரென்று நமக்குத் தெரியாது. கருவியைப் பொருத்தியபோது நம்மைக் கேட்டதாகவும் நினைவில்லை.

"நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? பார்த்துவிட்டுப் போகட்டுமே!" என்பார் பலர். நல்லவர்கள் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அவர்கள் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும்.

ஒரு வீட்டில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது. வீட்டுக்காரர் இரண்டு மூன்று நாள் கடன் வட்டி விவரங்களைத் தேடுகிறார். அவருக்குப் பணமுடை என்ற சமாசாரம் விளம்பரச் சந்தைக்குப் போய்விடுகிறது. ஐந்து நிமிஷத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. இப்படிப்பட்ட செயலிகளிற் சில, போனிலிருந்த சிநேகிதர் பட்டியலையும் புகைப்படங்களையும் வாரிக்கொண்டு, தவணை தவறியவுடன் உறவினருக்கெல்லாம் அவதூறு அனுப்பின. மானத்துக்கு அஞ்சி உயிரை விட்டவர்களும் நம் நாட்டில் உண்டு. ரிசர்வ் பாங்கி 2022 செப்டம்பரில், கடன் செயலிகள் இவற்றைத் தொடக் கூடாதென்று விதி செய்ய நேர்ந்ததற்கு இந்தக் கொடுமையே காரணம்.

இன்னொன்று. பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண், தாயாரிடம் கேட்கக் கூசிய ஒரு சந்தேகத்தைக் கம்ப்யூட்டரிடம் கேட்கிறாள். மறுநாள் அதே கம்ப்யூட்டரில் தகப்பனார் உட்காருகிறார். அந்தச் சந்தேகத்துக்குப் பொருத்தமான மருந்து விளம்பரம் அவரை வரவேற்கிறது. அந்தப் பெண் இனி எதைத்தான் கேட்பாள்? வகுப்பறையில் பல வருஷம் நின்றவர்கள் என்ற முறையில் நாம் உறுதியாகச் சொல்வோம்: தன் கேள்வியை யாரோ குறித்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை கேட்பதையே நிறுத்திவிடும். ஒளிக்க ஒன்றுமில்லாதவர்களுக்கும், சொல்லவேண்டியதை யாரிடம், எப்பொழுது சொல்வதென்று தீர்மானிக்கும் உரிமை வேண்டும்.

* * *

ஒற்றன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்ப்போம். இன்டர்நெட் இணைப்புள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் கதவிலக்கம் போல ஓர் எண் உண்டு, ஐ.பி. விலாசம் என்பார்கள். நாம் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அந்த எண் தெரியும்.

அடுத்தது 'குக்கி'. 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியார் பிரவுசரில் சேர்த்த ஏற்பாடு இது. கடைக்காரர் நம் பையில் சிறிய சீட்டு ஒன்றைப் போட்டு அனுப்புகிறார். மறுபடி வரும்போது அதைப் பார்த்து நம்மை அடையாளம் கண்டுகொள்கிறார். இதுவரை உபகாரமே. ஆனால் ஒரே விளம்பரக் கம்பெனியின் ஆள் ஆயிரம் கடையிலும் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் படித்தால், நாம் ஏறியிறங்கிய கடைகளெல்லாம் ஒரே நோட்டில் வரிசையாய்ப் பதிந்துவிடும். கொலுசு நம்மைத் துரத்துவதன் ரகசியம் இதுதான்.

சீட்டைக் கிழித்தெறிந்தாலும் விடமாட்டார்கள். கம்ப்யூட்டரின் எழுத்துருக்கள், திரையின் அளவு, பிரவுசரின் பதிப்பு முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கைரேகை போல் ஓர் அடையாளம் கிடைத்துவிடுகிறது. 2010-இல் அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் பவுண்டேஷன் என்னும் சங்கத்தார் செய்த பரிசோதனையில், வந்த பிரவுசர்களில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டவை தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன.

'இன்காக்னிட்டோ' ஜன்னலைத் திறந்துகொண்டால் போதுமென்று எண்ணுவோர் பலர். அது நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் சுவடு தங்காமல் செய்யும், அவ்வளவுதான். வெளியிலிருப்பவன் கண்ணை அது கட்டாது. இதைப் பற்றியே அமெரிக்காவில் 2020-இல் கூகிள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2024-இல் ஏற்பட்ட ராஜியின்படி, அந்த ஜன்னலின் மூலம் சேர்த்த கோடிக்கணக்கான குறிப்புகளை அழிக்க கூகிள் ஒப்புக்கொண்டது.

டெலிவிஷனும் சாதுவல்ல. விஸியோ என்னும் கம்பெனியின் டெலிவிஷன்கள், சொந்தக்காரர் என்ன பார்க்கிறார் என்பதை அவருக்கே தெரியாமல் குறித்து விற்றுவந்தன. 2017-இல் அந்தக் கம்பெனி 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. நாம் டெலிவிஷனைப் பார்க்கிறோம். டெலிவிஷன் நம்மைப் பார்க்கிறது!

* * *

இதற்குப் பரிகாரம் உண்டா? நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் வழி காட்டுகிறது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் உளவு பார்க்கும் மென்பொருள் புகுந்துவிட்டது. செப்டம்பர் 4-ஆந் தேதி இது கண்டறியப்பட்டதென்று அணுமின் கழகத்தார் அக்டோபர் 30-ஆந் தேதி வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டார்கள். தொற்றுக்குள்ளான கம்ப்யூட்டர் ஆபீஸ் வேலைக்குரிய இன்டர்நெட் வலையில் இருந்ததென்றும், நிலையத்தின் முக்கியமான உள்வலை அதினின்று அடியோடு பிரித்து வைக்கப்பட்டதென்றும் விளக்கினார்கள். ஒற்றன் நுழைந்துவிட்டான்; ஆனால் உள்ளே போக வாசலில்லை.

நம் முன்னோர் வீடு கட்டிய முறையும் இதுவே அல்லவா? வழிப்போக்கருக்குத் திண்ணை, அறிந்தவருக்கு நடை, உறவினருக்குக் கூடம், பெட்டகம் இருக்கும் உள்ளறைக்கு வீட்டார் மட்டும். இன்டர்நெட் வீட்டையும் இப்படிப் பிரிக்கலாம்.

இன்றைய வீட்டுக்குத் தலைவாசல் ரௌட்டர் என்னும் வைபை பெட்டி. இணைப்புக் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போனபடியே பெரும்பாலான வீடுகளில் அது இருக்கிறது. முதலில் அதன் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றவேண்டும்; வைபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. 2016-இல் 'மிராய்' என்னும் விஷ மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பாஸ்வேர்டுகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு, லட்சக்கணக்கான வீட்டுக் காமிராக்களையும் ரௌட்டர்களையும் வசப்படுத்திக்கொண்டது. பூட்டு இருந்தது, ஊரெல்லாம் ஒரே சாவி! பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பதும், வெளியிலிருந்து அதை நிர்வகிக்கும் வசதியையும் டபிள்யூ.பி.எஸ். என்னும் குறுக்குவழியையும் அடைப்பதும், டபிள்யூ.பி.ஏ.-3, அது இல்லாவிடில் டபிள்யூ.பி.ஏ.-2 என்ற பூட்டைத் தேர்ந்தெடுப்பதும் அடுத்த வேலைகள்.

அநேகமாக எல்லாப் புதிய பெட்டிகளிலும் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்றிருக்கும். அதுவே நம் திண்ணை. டெலிவிஷன், காமிரா, பேசும் பொம்மை, விருந்தாளியின் போன் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் கொடுங்கள். பாங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படமும் உள்ள கம்ப்யூட்டர் உள்ளறையில் இருக்கட்டும். டெலிவிஷனின் அமைப்புகளில், பார்ப்பதைக் குறித்துக்கொள்ளும் அனுமதியையும் அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு இருப்பது நலம். அப்பாவின் கொலுசும் பெண்ணின் சந்தேகமும் ஒரே நோட்டில் விழாது. பிரவுசரில் மூன்றாம் மனிதரின் குக்கிகளைத் தடுக்க வழியுண்டு. ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இதில் தாமாகவே பெரும்பாலும் காவல் செய்கின்றன. விளம்பரம் தடுக்கும் நல்ல துணைநிரல் ஒன்று போதும். பத்தைச் சேர்த்தால் காவற்காரரே ஒற்றராகலாம். காசில்லாமல் கிடைக்கும் திருட்டு மென்பொருளுக்கு வீட்டில் இடமே கூடாது. போனில், டார்ச் விளக்குச் செயலிக்கு நாம் இருக்குமிடம் எதற்கு? அனுமதிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து நீக்குங்கள். விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடுங்கள்.

வி.பி.என். என்பதைச் சர்வரோக நிவாரணி போல் விற்கிறார்கள். அது நம் கதவிலக்கத்தை மறைக்கும். இணைப்புக் கொடுப்பவர் பார்வையையும் தடுக்கும். ஆனால் அவர் பார்த்தவற்றையெல்லாம் இனி வி.பி.என். காரர் பார்ப்பார். இலவசமாய்க் கொடுப்பவர் எதைக்கொண்டு ஜீவனம் செய்கிறார் என்று கேட்பது விவேகம். 2022 ஏப்ரலில், இத்தகைய கம்பெனிகள் வாடிக்கைக்காரர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டுமென்று மத்திய சர்க்காரின் ஸெர்ட்-இன் ஸ்தாபனம் உத்தரவிட்டது. சில பெரிய கம்பெனிகள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போயின. மேலும், சொந்தப் பெயரில் கூகிளிலோ பேஸ்புக்கிலோ நுழைந்து உட்கார்ந்தபின் எந்த முகமூடி போட்டு என்ன பிரயோஜனம்? பெயரைச் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொள்வது போலத்தான்.

* * *

இத்தனையும் செய்தாலும் ஒற்றன் முழுதும் ஒழிந்தான் என்று சொல்வதற்கில்லை. ஒரு குடும்பம் கதவைப் பூட்டலாம். தெருவைக் காக்கச் சட்டம் வேண்டும். கர்நாடக ஹைக்கோர்ட்டில் நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி, தம் முதிர்ந்த வயதில் 2012-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2017 ஆகஸ்ட் 24-ஆந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக, அந்தரங்கம் இந்தியர் ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதன்பின் 2023-இல் தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாதென்று அது பொதுவிதி செய்கிறது. விதிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளெல்லாம் அதற்குப் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்படி வகுத்திருக்கிறார்கள். அதே சட்டம் சர்க்கார் இலாகாக்களுக்கு விலக்களிக்கவும் தாராளமாய் இடம் வைத்திருக்கிறது. பிரஜைகள் கண்ணைத் திறந்துகொண்டிருக்க வேண்டிய இடம் அது.

சட்டம் வருகிறபோது வரட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குடும்பத்தார் எல்லாரும் கூடி இந்த வேலையைச் செய்யலாம். பிள்ளைகளையே முன்னிறுத்துங்கள், பெட்டியைத் திறக்கும் சாமர்த்தியம் அவர்களிடம் உண்டு, எதைப் பூட்டவேண்டும் என்ற விவேகம் பெரியவர்களிடம் உண்டு. போகிக்குப் பழையன கழிப்பதுபோல், உபயோகமற்ற செயலிகளைக் கழித்துவிடுங்கள், புகையும் வராது. நூறு வருஷங்களுக்கு முன் நம் பெரியோர் ஒற்றர்களைச் சகித்ததற்கு அவர்களுக்கு வேறு வழியில்லை. நமக்கு ஒரு மணி நேர உழைப்பில் வழியிருக்கிறது.